சிறு படகும் சால்மன் தூண்டிலும்: வாசகர் கேள்வி பதில்

ஜூன் பிறந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒன்ராறியோ ஏரியைப் பற்றியதாகிவிடும். இம்முறை 14 முதல் 18 அடிப் படகு வைத்திருப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாமே ட்ரோலிங் பற்றியவை, அதாவது படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிக்கும் முறை.

கேள்வி: 16 அடி அலுமினியப் படகும் 40 குதிரைவலு என்ஜினும் இருக்கிறது. சால்மனுக்காக முதலில் எதை வாங்குவது, டவுன்ரிகரா பிஷ் ஃபைண்டரா? (ஸ்காபரோ)

டவுன்ரிகர் என்பது கம்பியில் கனத்த குண்டைத் தொங்கவிட்டுத் தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோகும் கருவி. பிஷ் ஃபைண்டர், ஒலி அனுப்பி நீருக்கடியில் உள்ளதைத் திரையில் காட்டும் கருவி. இரண்டுக்கும் முன்னால் வேகத்தைச் சரிசெய்யுங்கள். சினூக் சால்மனுக்கு ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 2 முதல் 2.8 மைல் வேகம் வேண்டும். லேக் ட்ரவுட் இன்னும் மந்தம், 1.5 முதல் 2 மைல் போதும். பாரம் குறைந்த 16 அடிப் படகு, பின்காற்றும் சேர்ந்தால், 40 குதிரைவலு என்ஜினை ஆகக் குறைத்து வைத்தாலும் 3 மைலைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் ஸ்பூன், அதாவது குட்டி மீன்போல ஆடும் உலோகத் தகட்டுத் தூண்டில், ஆடாது, விசிறி மாதிரிச் சுழலும். பழைய டூ-ஸ்ட்ரோக் என்ஜினாக இருந்தால் மணிக்கணக்கில் மெதுவாக ஓடி பிளக்கில் கரியும் பிடிக்கும்.

மலிவான வழி ட்ரோலிங் பை. நீரில் குடைபோல விரிந்து படகைப் பின்னுக்கு இழுக்கும் துணிப்பை அது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போடுங்கள். அணியத்துக்கும் (படகின் முன்முனை) நடுவுக்கும் இடையில் உள்ள கொளுவியில் கட்ட வேண்டும். கயிற்றை வெட்டுவதற்கு முன் கரையிலேயே அளந்து பாருங்கள்: பை முழுதாகப் பின்னால் போனாலும் என்ஜினின் காற்றாடியை எட்டக்கூடாது. கடையாரில், அதாவது படகின் பின்பக்கத்தில், கட்டினால் பையும் டவுன்ரிகர் கம்பியும் ஒன்றோடொன்று சிக்கும். பையின் வாலில் தனியாக ஒரு மெல்லிய கயிறு இருந்தால், அதைப் பிடித்து இழுத்ததும் நீர் வடிந்து பை இலகுவாக ஏறிவிடும்.

நல்ல வழி கிக்கர், அதாவது பெரிய என்ஜினுக்குப் பக்கத்தில் பூட்டும் சின்ன என்ஜின். எல்லோரும் 9.9 வாங்குகிறார்கள் என்று நீங்களும் வாங்க வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் 9.9 என்றால் 40 முதல் 50 கிலோ. 6 குதிரைவலு அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், 16 அடிக்கு அதுவே தாராளம். பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்: 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு. ஏற்றி இறக்கும் பிராக்கெட்டில் பூட்டுவதானால் நீளத் தண்டையே எடுங்கள். குட்டைத் தண்டு ஒவ்வோர் அலைக்கும் காற்றை விழுங்கிக் கத்தும்.

வேகம் கைக்குள் வந்தபிறகு பிஷ் ஃபைண்டர், அதற்குப் பிறகு டவுன்ரிகர்.

கேள்வி: கிக்கரும் இரண்டு டவுன்ரிகரும் பூட்டியபின் கடையார் தாழ்ந்து நிற்கிறது. இது ஆபத்தா? (ஏஜாக்ஸ்)

ஆபத்துத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிக்கர் 27 கிலோ, ஈய-அமிலப் பற்றரி இரண்டு 50 கிலோ, டவுன்ரிகர் இரண்டும் குண்டுகளும் சேர்ந்து 30 கிலோ. இதற்குமேல் மீன் மாட்டிய நேரத்தில் இரண்டு பேரும் ஓடி வருவது கடையாருக்குத்தான், அது ஒரு 160 கிலோ. பின்னாலிருந்து வரும் ஓர் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தால், அடுத்த அலைக்கு அது இன்னும் தாழ்ந்து கொடுக்கும்.

பற்றரிகளையும் பெட்ரோல் தாங்கியையும் நடு இருக்கைக்குக் கீழே கொண்டுபோங்கள். உபரிக் குண்டுகளை நடுத்தரையில் ஒரு பெட்டிக்குள் வையுங்கள். கிக்கரை ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கம் பூட்டினால் படகு ஒரு பக்கம் சாயாது. பிறகு துறையில் கட்டிவைத்தபடி எல்லாரையும் கடையாருக்கு வரச்சொல்லி, பின்பலகையின் ஆகத் தாழ்ந்த இடத்துக்கும் நீருக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். ஒரு சாண்கூட இல்லையென்றால் எதையாவது கழற்றத்தான் வேண்டும். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள உச்ச எடை, என்ஜினையும் சாமான்களையும் சேர்த்த எடை என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: டவுன்ரிகரை அலுமினிய விளிம்பில் ஸ்க்ரூ போட்டுப் பூட்டினேன். இரண்டாம் நாளே ஆடுகிறது. குண்டு அடியில் சிக்கினால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள். (பிக்கரிங்)

மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ பிடிக்காது. குண்டு 10 இறாத்தல்தான், ஆனால் அது 2 அடிக் கையின் நுனியில் தொங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் அந்தக் கை நெம்புகோலாகி ஸ்க்ரூவைப் பிடுங்கும். கால் அங்குலத் துருப்பிடிக்காத போல்ட் நான்கை ஊடுருவப் போட்டு, விளிம்புக்குக் கீழே குறைந்தது 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு கொடுங்கள். தகடு டவுன்ரிகரின் அடித்தட்டைவிடப் பெரிதாக இருக்கவேண்டும், அப்போதுதான் சுமை பரவும். நட்டு நைலோன் வளையம் உள்ளதாக இருக்கட்டும். ஸ்டீலும் அலுமினியமும் தொடும் இடத்தில் அரிப்புத் தடுக்கும் பசை பூசுங்கள். ஏரி நீர் உப்பில்லைதான், ஆனால் டிரெய்லரில் போகும்போது தெறிக்கும் வீதி உப்பு அந்த வேலையைச் செய்துவிடும். கடைசியாக டவுன்ரிகரிலிருந்து படகுக்கு ஒரு கயிறு. விலையுயர்ந்த சாமானை ஏரிக்குத் தானம் செய்யாமல் இருக்க அந்த ஒரு கயிறு போதும்.

60 முதல் 100 அடி ஆழத்துக்கு 10 இறாத்தல் குண்டு, அதற்குக் கீழே 12. டவுன்ரிகர் கம்பி வழக்கமாக 150 இறாத்தல் தாங்கும். குண்டை அதில் நேரே கொளுவாமல், 80 இறாத்தல் தங்கூசியில் (ஒற்றை இழை நைலோன் நூல்) ஒரு வளையம் போட்டு அதில் தொங்கவிடுங்கள். சிக்கினால் அந்த வளையம் முதலில் அறும். குண்டோடு போகும், படகு தப்பும்.

சிக்கியது தெரிந்ததும் என்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ரிவர்ஸ் போடவே கூடாது, கம்பி காற்றாடியில் சுற்றும். டவுன்ரிகரின் கிளட்சைத் தளர்த்திக் கம்பியை ஓடவிட்டு, மற்றத் தூண்டில்களை ஏற்றிவிட்டு, வட்டமடித்துச் சிக்கிய இடத்துக்கு மறுபக்கம் போய் அங்கிருந்து இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். அலை இருந்தால் இந்த முயற்சியெல்லாம் வேண்டாம். சிக்கிய குண்டு, கடையாரில் நங்கூரம் போட்டதற்குச் சமம். அலை ஏறும்போது கடையார் ஏறமுடியாது, நீர் உள்ளேதான் வரும். கம்பி வெட்டும் குறடு எட்டும் தூரத்தில் தொங்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

கேள்வி: அரைமணிக்கு ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் குட்டி மீன் ஒன்று மாட்டியபடி வருகிறது. கடித்ததே தெரியவில்லை. (மார்க்கம்)

தங்கூசியைப் பிடித்திருக்கும் கிளிப் மிக இறுக்கம், அல்லது றொட்டில், அதாவது தூண்டில் தடியில், வளைவு இல்லை. கிளிப்பில் தங்கூசியைக் கொடுத்துக் குண்டை இறக்கியபின், ரீலைச் சுற்றி றொட்டின் நுனி நீரைப் பார்க்கும் அளவுக்கு வளையுங்கள். மீன் அடித்துக் கிளிப் விட்டதும் றொட் துள்ளி நிமிரும், அந்தத் துள்ளலே முள்ளை ஏற்றிவிடும். குட்டி மீன் கிளிப்பை விடுவிக்காவிட்டாலும் நுனி நடுங்கும், அதைக் கண் பழகவேண்டும். இதற்கு எட்டரை முதல் ஒன்பது அடி வரை நீளமுள்ள மெத்தென்ற றொட்டும், 20 இறாத்தல் தங்கூசியும், விட்ட நீளத்தை எண்ணிக் காட்டும் ரீலும் பொருந்தும். பின்னல் நூல் கிளிப்பில் வழுக்கும்.

குண்டுக்கும் ஸ்பூனுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஆழத்தில் 10 முதல் 20 அடி. வசந்தத்தில் மேல்நீரில் பிடிக்கும்போது 50 அடிக்குக் குறையாமல் விடுங்கள், படகின் நிழலுக்கே மீன் விலகும் காலம் அது.

கேள்வி: டவுன்ரிகரின் எண்ணி 60 அடி காட்டுகிறது, பிஷ் ஃபைண்டரில் குண்டு 52இல் நிற்கிறது. எதை நம்புவது? (விற்பி)

பிஷ் ஃபைண்டரை. எண்ணி காட்டுவது வெளியே போன கம்பியின் நீளம் மட்டுமே. குண்டு பின்னால் சாய்ந்து போகிறது. 20 பாகை சாய்ந்தால் 60 அடிக் கம்பியில் ஆழம் 56 அடி, 30 பாகை சாய்ந்தால் 52. உங்களுடையது 30 பாகை. 8 இறாத்தல் குண்டு போட்டிருப்பீர்கள், அல்லது அடிநீரோட்டத்தை எதிர்த்துப் போயிருப்பீர்கள்.

இந்த இரண்டாவது காரணம் கவனிக்க வேண்டியது. மேலே ஜிபிஎஸ் 2.4 காட்டும்போது 60 அடியில் எதிர் நீரோட்டம் இருந்தால் ஸ்பூன் 3 மைலுக்கு மேல் ஓடுவதுபோல் ஆகிவிடும். திரும்பி வரும்போது அதே 2.4இல் ஸ்பூன் செத்துத் தொங்கும். ஒரு திசையில் மட்டும் மீன் அடிக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். குண்டிலேயே வேகத்தையும் வெப்பத்தையும் அளந்து மேலே அனுப்பும் கருவி உண்டு, விலை அதிகம். அது இல்லாதவர் கம்பியின் சாய்வைப் பார்த்து ஓட்டலாம்: மீன் அடித்தபோது இருந்த சாய்வை நினைவில் வைத்து, எந்தத் திசையில் போனாலும் அதே சாய்வு வரும்படி என்ஜினைக் கூட்டிக் குறையுங்கள்.

குண்டே திரையில் தெரியவில்லை என்பவர்களுக்கு: பிஷ் ஃபைண்டர் அனுப்பும் ஒலி கூம்பாக விரியும். 20 பாகைக் கூம்பு 60 அடியில் 21 அடி வட்டத்தைத்தான் பார்க்கும், பின்னால் சாய்ந்த குண்டு அதற்கு வெளியே போயிருக்கும். அகலக் கூம்புக்கு மாற்றுங்கள். ட்ரான்ஸ்டியூசர், அதாவது அந்த ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி, காற்றாடியிலிருந்து குறைந்தது 15 அங்குலம் தள்ளி, படகின் அடியோடு ஒட்டியோ ஒரு நூல் கீழேயோ இருக்கவேண்டும். ரிவெட் வரிசைக்கு நேர் பின்னால் பூட்டினால் குமிழிதான் தெரியும்.

கேள்வி: எலெக்ட்ரிக் டவுன்ரிகரை ஏற்றும் ஒவ்வொரு முறையும் பிஷ் ஃபைண்டர் அணைந்து திரும்ப எரிகிறது. பற்றரி புதியது. (பிராம்ப்டன்)

பற்றரியில் பிழை இல்லை, வயரில்தான். பாரத்தோடு ஏறும் டவுன்ரிகர் 20 அம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். பற்றரியிலிருந்து 15 அடி என்றால் மின் போய்வரும் தூரம் 30 அடி. 16 கேஜ் வயரில் அந்தத் தூரத்துக்குத் தடை 0.12 ஓம், 20 அம்பியரில் 2.4 வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். 12.4 வோல்ட் புறப்பட்டு 10 வோல்ட் போய்ச் சேரும். வயர் சூடேறுவது அடுத்த பிரச்சினை. 10 கேஜ் வயரில் இழப்பு 0.6 வோல்ட்தான்.

ஆகவே டவுன்ரிகருக்கு ஈயம் பூசிய 10 கேஜ் படகு வயர், 30 அம்பியர் பிரேக்கர், அந்தப் பிரேக்கர் பற்றரியிலிருந்து 7 அங்குலத்துக்குள். பிஷ் ஃபைண்டருக்குப் பற்றரியிலிருந்தே தனி வயர், அதற்குரிய சிறிய பியூஸ், பெரும்பாலான சிறு கருவிகளுக்கு 3 அம்பியர். இரண்டையும் ஒரே வயரில் கொளுவியதுதான் உங்கள் வியாதி. இணைப்புகளை நசுக்கிப் பிடித்துச் சுருங்கும் உறையிடுங்கள். வீட்டு வயரிங்கில் திருகும் மாறெட் தொப்பி படகின் அதிர்வில் ஒரு கோடைக்குத்தான் வரும். என்ஜின் ஸ்டார்ட் பண்ணும் பற்றரியையும் இந்தக் கருவிகளின் பற்றரியையும் பிரித்தே வையுங்கள். கரையிலிருந்து 5 மைலில் மீன் ஐஸ்பெட்டியில் இருக்க, என்ஜின் 'டக்' என்று மட்டும் சொன்னால் நன்றாக இராது.

கேள்வி: டவுன்ரிகர் வாங்க இப்போது வசதியில்லை. வேறு வழி? (எட்டோபிக்கோ)

இரண்டு வழி. ஒன்று டைவர், நீரைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும் வட்டத் தட்டு. டிப்சி என்ற வகை டைவரின் அடியில் 0 முதல் 3 வரை எண் இருக்கும். 0இல் நேரே கீழே போகும், 3இல் ஆகக் கூடுதலாகப் பக்கவாட்டில் விலகும், அதற்கேற்ப ஆழம் குறையும். 1இல் வைத்து 100 அடி பின்னல் நூல் விட்டால் ஏறக்குறைய அதில் பாதி ஆழம் என்று தொடங்குங்கள், 3இல் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு 30 இறாத்தலுக்குக் குறையாத பின்னல் நூல் வேண்டும். தங்கூசி இழுபட்டுக் கொடுப்பதால் டைவரை அதிர்த்து விடுவிக்க முடியாது, மீனோடு தட்டையும் சேர்த்து இழுக்க நேரும். டைவருக்குப் பின்னால் 6 முதல் 8 அடி ஃபுளோரோகார்பன் நூல். தட்டின் இழுவை கடுமையானது என்பதால் றொட் தாங்கியை மேலே சொன்ன மாதிரியே தகடு கொடுத்துப் பூட்டுங்கள்.

மற்றது ஈயக்கரு நூல். பத்து யாருக்கு, அதாவது 30 அடிக்கு, ஒருமுறை நிறம் மாறும். மணிக்கு 2 மைலில் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும், மெதுவாகப் போனால் அதைவிடக் கூடுதலாக இறங்கும். எளிய முறை. ஆனால் 10 நிறமும் வெளியே நிற்க 20 இறாத்தல் மீன் மாட்டினால் கை வலிக்கும்.

ஸ்பூனை மாற்றி மாற்றிப் போடுவதைவிட ஒரு றொட்டில் 8 அங்குல ஃபிளாஷரும் (மின்னிப் புரளும் தட்டு) அதற்குப் பின்னால் 50 முதல் 60 சென்ரிமீற்றரில் செயற்கை ஈயும் கட்டுங்கள், 50 இறாத்தல் நூலில். இறக்கும் முன் படகின் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். ஃபிளாஷர் சோம்பலாகப் புரண்டு புரண்டு வரவேண்டும், ஈ அதன் பின்னால் பக்கத்துக்குப் பக்கம் வெட்டவேண்டும். தட்டு வெறுமனே ஆடினால் வேகம் போதாது. திருப்பங்களிலும் கண் வையுங்கள்: உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும். வெளிப்பக்கத்தில் மீன் அடித்தால் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்து போய் 70 அடி ஆழத்தில் ஐந்து மீன். செவ்வாய்க்கிழமை அதே இடம், அதே ஆழம், ஒன்றும் இல்லை. நீர் ஐஸ் மாதிரி இருந்தது. (ஸ்காபரோ)

இடையில் மேற்குக் காற்று அடித்திருக்கும், ஊரில் கச்சான் என்போமே அது. வடகரையில் மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கம், அதாவது தெற்கே விலகும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்நீர் ஏறிவரும். வாடையும் இதையே செய்யும். கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, வெந்நீரைக் கரைக்குத் தள்ளி அமுக்கும்.

சினூக் விரும்புவது 10 முதல் 13 பாகை செல்சியஸ். அந்த நீர் சனிக்கிழமை 70 அடியில் இருந்தது, செவ்வாயன்று மேலேறியோ வெளியே தள்ளியோ போய்விட்டது. மேல்நீர் வெப்பத்தைப் பாருங்கள். அது 8 பாகை என்றால் தெற்கே ஓட்டி, மேல்நீர் ஏறத்தொடங்கும் இடம்வரை போய், அங்கே 30, 40 அடியிலிருந்து தொடங்குங்கள். பிஷ் ஃபைண்டரின் கூருணர்வைக் கூட்டினால் வெந்நீரும் குளிர்நீரும் சந்திக்கும் தளம் புகைப்பட்டை போலத் தெரியும். அதை ஒட்டி மேகம் போல நிற்பவை பெரும்பாலும் அலவைஃப் என்ற சிறு மீன்களின் கூட்டம், சினூக்கின் சாப்பாடு. பசிபிக் கடல் மீனான சினூக்கை ஒன்ராறியோ மாகாணம் 1971இல் இந்த ஏரியில் விடத் தொடங்கியது. அது தன் சாப்பாட்டை விட்டு விலகாது.

கேள்வி: ஆகஸ்டில் நூலில் பஞ்சு போல ஏதோ ஒட்டி, றொட்டின் நுனி வளையம் அடைபடுகிறது. பாசியா? (ஓஷவா)

பாசி அல்ல, உயிர். நீர்த்தெள்ளு இனம், நீண்ட வாலும் முள்ளும் உண்டு. முள்வால் வகையொன்று 1982இலும், கொக்கிவால் வகை 1998இலும் இந்த ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டன. மெல்லிய நூலில் வால் கொளுவிக்கொள்ளும், தடித்த தங்கூசியில் அவ்வளவாகப் பிடிக்காது. அந்த மாதங்களில் 30 இறாத்தலுக்கு மாறுங்கள். மீன் மாட்டியபின் நுனி அடைபட்டால் பலவந்தமாகச் சுற்றாதீர்கள், நூல் அறும். கூட வந்தவர் விரலால் வழித்துவிடட்டும். கரைக்கு வந்ததும் நூலையும் குண்டையும் படகையும் கழுவிக் காயவிடாமல் வேறு ஏரிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஊரில் கடற்றொழில் செய்தவன். என்ஜின் அரிக்காமல் இருக்க அதில் நாகத்துண்டு (துத்தநாகம்) பூட்டுவோம். இங்கும் அதுவா? (மிசிசாகா)

உப்புநீருக்குத்தான் நாகம். நன்னீரில் அதன்மேல் வெள்ளைப் படலம் பிடித்து வேலை செய்யாமல் நின்றுவிடும். மக்னீசியத் துண்டு பூட்டுங்கள். அதே படகைக் கடலுக்குக் கொண்டுபோனால் மாற்ற மறக்கவேண்டாம், மக்னீசியம் உப்புநீரில் வேகமாகக் கரையும்.

கேள்வி: ஒருவர் எத்தனை றொட் போடலாம்? என்னென்ன அட்டை வேண்டும்? (ரொறன்ரோ)

ஒன்ராறியோ ஏரியில் படகிலிருந்து பிடிக்கும்போது ஒருவருக்கு இரண்டு. 18 முதல் 64 வயது வரையான கனடாவில் வசிப்பவர்களுக்கு மீன்பிடி அனுமதி வேண்டும். என்ஜின் பூட்டிய எந்தப் படகையும் ஓட்டுபவருக்கு ஓட்டுநர் அட்டை, என்ஜின் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் படகுக்கும் உரிமம். ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, நீர் இறைக்கும் வாளி, விசில், நீர்புகா டார்ச் ஆகியவை இல்லாமல் துறையை விட்டு இறங்காதீர்கள். அங்கியை இருக்கைக்குக் கீழே வைத்திருந்தாலும் சட்டம் ஏற்கும், ஏரி ஏற்காது. மே மாதத்து நீரில் விழுந்தவருக்கு மூச்சு வாங்கவே நேரமாகும், அங்கியைத் தேடி மாட்டக் கை வராது.

மழைக்குக் கூரை போட்டுக்கொண்டு ட்ரோல் செய்பவர்களுக்கு ஒரு சொல். பின்காற்றில் மெதுவாகப் போகும்போது கிக்கரின் புகை கூரைக்குள்ளே வந்து தேங்கும். பின்பக்கத்தை மட்டும் திறந்தால் போதாது, முன் ஜன்னலையும் திறந்து காற்றை ஊடுருவ விடுங்கள். தலைவலி வந்தால் அதைக் கடல்மயக்கம் என்று நினைக்காமல் என்ஜினை நிறுத்துங்கள்.